வாய் இல்லாத வாத்தியார்

ஆள் ஒல்லி, முகம் சுமார். இருபத்தாறு வயதில் என்னிடம் கம்பீரம் என்று இருந்ததெல்லாம் மீசை ஒன்றுதான். அதை நன்றாக வளர்த்து மேலுதட்டை மூடவிட்டுத்தான், கண்டியில் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகில், காது கேளாத பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கப் போய்ச் சேர்ந்தேன். (மீசையைப் பற்றிப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு நான் தூங்கியிருக்க வேண்டும்.)

வகுப்பில் கௌசல்யா என்று ஒன்பது வயதுப் பிள்ளை. காதில் கருவி இருந்தாலும் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவாள். நான் வாயால் கேட்டு, சொந்தமாக எழுதச் சொன்னால் கொப்பி வெறுமையாகத் திரும்பி வரும். நான் இன்னும் சத்தமாகக் கேட்பேன். 'கவனம் போதாது' என்று சிவப்புப் பேனாவால் எழுதியும் வைத்தேன், மடையன்.

அவளைத் தெல்தோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் கூட்டி வருவதற்காகவே அவள் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவதை விட்டிருந்தார். வருட முடிவுக்குள் பிள்ளை சொந்தமாக ஒரு வரி எழுதாவிட்டால் வீட்டில் நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அப்பாதான் வந்தார். அவருக்கு நம்பிக்கை ஊட்டுகிறேன் பேர்வழி என்று, எல்லார் முன்னாலும் கௌசல்யாவைப் பலகைக்கு அழைத்து, காலையில் என்ன சாப்பிட்டாள் என்று எழுதச் சொன்னேன். சோக்கைத் தொடவில்லை. உரக்கச் சொன்னேன். மூன்றாம் முறை கத்தியதில் கூரையிலிருந்த காகங்கள் பறந்தன. அவள் தொலைந்த பொருளைத் தேடுவதுபோல என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு சோக்கை எடுத்து எழுதினாள்:

"சேர் மீசை பெரிய. வாய் இல்ல. என்ன கேக்குற?"

மண்டபமே சிரித்தது. அதிபர் ஒரு கோப்புக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார். நான் பாய்ந்து டஸ்டரை எடுத்தேன். அதற்குள் அப்பா முன்னால் வந்துவிட்டார்.

"அழிக்காதீங்க சேர். இது புள்ள பாத்து எழுதுனது இல்லையே?"

"இல்லைங்க. அவளேதான் எழுதுனா."

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்துப் படம் பிடித்தார். ஒன்று போதாதென்று மூன்று முறை பிடித்தார். "அவங்கம்மாகிட்ட காட்டணும்" என்றார். பிள்ளையை நிறுத்தும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

மூன்று மாதமாக நான் சொன்னதில் பாதிகூட விளங்காமல் அந்தப் பிள்ளை தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பெரியவர்கள் யார் கண்ணிலும் படாத பிழையைக் கண்டுபிடித்து, தன்னிடமிருந்த ஏழு சொற்களில் எழுதியும் காட்டிவிட்டாள். எனக்கு வெட்கத்தை விடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

அன்று மாலையே சலூனுக்குப் போனேன். பிறகு கல்யாணமாகி வந்த என் மனைவி மீசையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். வீட்டில் நான் எதையாவது முணுமுணுத்தால் மகள் உடனே, "அப்பா, வாயக் காணோம்" என்கிறாள்.

கௌசல்யா இப்போது பெரிய வகுப்பில் இருக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: "புது சேர் நல்லவர். தாடி வைத்திருக்கிறார். வாயைக் காணோம். கடிதம் கொடுத்துவிட்டேன்."