தண்ணீர்த் தொட்டிக்கு மேலே

வானத்திலிருந்து ஒரு வண்டி வந்தால் அதை எப்படி எதிர்கொள்வது என்று தெரியாமல் பெரிய பெரிய அரசாங்கங்களே கையைப் பிசைந்துகொண்டிருக்கின்றன. அந்த நான்கு மாடிக் குடியிருப்பின் நலச் சங்கம் மட்டும் கொஞ்சமும் தடுமாறவில்லை. உடனே பொதுக்குழுவைக் கூட்டியது. மனித அறிவின் உச்சம் அதுதான். அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது.

வண்டியைப் பார்த்தது தையல் டீச்சர். மூன்றாவது மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறவள். வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம், மொட்டை மாடிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்கு மேலே குக்கர் மூடி மாதிரி ஏதோ ஒன்று பளபளவென்று, சத்தமே இல்லாமல் போயிற்று. அண்ணாந்த தலையை இறக்குவதற்குள் கீழே "ஐயோ!" என்று ஒரு அலறல். எட்டிப் பார்த்தாள். சங்கச் செயலாளரின் கார் பின்பக்கமாக வந்து, கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனைச் சாய்த்திருந்தது. செயலாளர் இறங்கினார். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். மேலே பார்க்கவில்லை. ஏறிப் போய்விட்டார்.

தையல் டீச்சர் தடதடவென்று இறங்கி வந்து, வாட்ச்மேனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்காரரிடம் இரண்டையும் சொன்னாள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாழ்நாளெல்லாம் பிறர் வாய்க்குள் குனிந்து பார்த்த களைப்பில், இப்போது வானத்தை அண்ணாந்து பார்க்கும் 'விண்ணுறவுப் பேரவை'யின் தலைவர்.

"குக்கர் மூடியா! ஜன்னல் இருந்துச்சா?"

"ஜன்னலெல்லாம் இல்லீங்க. வாட்ச்மேனுக்குக் கை ஒடிஞ்சு போச்சு."

"ஓரத்துல விளக்கு எரிஞ்சுதா?"

"கார்லயா?"

"கார் எங்கேடி நடுவுல வந்துச்சு! நான் எதைக் கேக்கறேன், நீ எதைச் சொல்றே?"

கீழ்த்தளத்தில் அவளுடைய அண்ணன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆகவே யார் கண்ணையும் நம்பாதவர். 'ஐயந்திரிபற வட்டம்' என்ற சந்தேகப் பிராணிகளின் சங்கத்துக்கு அவர்தான் எல்லாம்.

"அது பலூனா இருக்கும்மா. இல்லே, பறவை. உன் கண்ணு உன்னை ஏமாத்திடுச்சு."

"சரிண்ணே, அது போகட்டும். கார்?"

"அது சங்கத்து விவகாரம். நாம அறிவியல் பேசுவோம்."

பேரவைக்கும் வட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஒரே ஒரு ஒற்றுமை: இரண்டும் கூடுவது குடியிருப்பின் பொது ஹாலில். ஹாலின் சாவி செயலாளரின் இடுப்பில்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பொதுக்குழுவின் முதல் பொருள், பறக்கும் தட்டு. இரண்டாவது பொருள், "பணி நேரத்தில் தூங்கி, ஸ்டூலிலிருந்து தாமாகவே விழுந்து, தம் கையைத் தாமே ஒடித்துக்கொண்டு, சங்கத்தின் மாண்பைக் குலைத்த" வாட்ச்மேனை விலக்குவது. வேலை போனால், மாடிப்படிக்குக் கீழே அவரும் அவர் மனைவியும் இருக்கிற அறையும் போகும். அந்த வாட்ச்மேன்தான் கட்டுப் போட்ட கையோடு, மற்றொரு கையால் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவரை அனுப்பும் கூட்டத்துக்கு நாற்காலி போட வேறு ஆள் இல்லை.

"டீச்சரம்மா, நீங்க சொன்னா நம்புவாங்களா?"

"ஏற்கெனவே செயலாளர்கிட்டயே சொல்லிட்டேன். மொட்டை மாடியிலேர்ந்து பார்த்தா கீழே என்னம்மா தெரியும்னாரு. பார்ப்போம். மேலே பார்த்ததை இன்னிக்கு நம்புவாங்க இல்லே? அதைப் பிடிச்சுக்கிட்டே கீழே இறங்கிடறேன்."

பத்திரிகை நிருபர் ஒருவரும் வந்திருந்தார். செயலாளர் புதுச் சட்டை போட்டிருந்தார்.

பல் டாக்டர் எழுந்தார். "என் மனைவி பொய் சொல்ல மாட்டாள். இத்தனை வருஷத்துல என் சமையலை ஒரு தடவைகூடப் பாராட்டினதில்லை. அவ்வளவு உண்மை!"

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். "மாப்பிள்ளை, உண்மை வேற, கண்ணு வேற. கண்ணால் கண்டதும் பொய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"தீர விசாரிக்கணும்னும் சொன்னாங்க மச்சான்! நீங்க பாதிப் பழமொழியிலேயே கடையைச் சாத்திடறீங்க!"

அப்போதுதான் அது நடந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் ஓடி வந்தான். செயலாளர் முன்னால் இருந்த தண்ணீர் ஜக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப் போனான். ஹால் அல்லோலகல்லோலப்பட்டது.

கண்ணாடிக் கடைக்காரர் கையை உயர்த்தினார். "யாரும் பயப்படாதீங்க. இது சோதனை. நான் ஏற்பாடு பண்ணினது. இப்போ சொல்லுங்க, வந்தவன் எப்படி இருந்தான்?"

"தாடி வெச்சிருந்தான்!"

"ரெண்டு பேரு சார்!"

"கையில கத்தி!"

பேரவையைச் சேர்ந்த ஒருவர், அவன் கால் தரையில் படவேயில்லை என்றார்.

கண்ணாடிக் கடைக்காரர் வெற்றிப் புன்னகையோடு தங்கையைப் பார்த்தார். "நீ?"

"அரைக்கைச் சட்டை. வெளிர் நீலம். மேலேர்ந்து மூணாவது பட்டன் மட்டும் வேற. கறுப்பு நூல்ல தைச்சிருக்கு, அதுவும் கோணலா. நம்ம லிஃப்ட் மெக்கானிக்தானே அது?"

லிஃப்ட் மெக்கானிக் ஜக்கோடு உள்ளே வந்தான். மூன்றாவது பட்டன் வேறு. கறுப்பு நூல். கோணல்.

கண்ணாடிக் கடைக்காரர் பெருந்தன்மையாளர். "தோத்துட்டேன் மாப்பிள்ளை. சாட்சின்னா இதுதான் சாட்சி. என் தங்கச்சி கண்ணுக்குக் கண்ணாடியே விக்க முடியாது!" என்று மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தையல் டீச்சர் "ஐயத்துக்கு அப்பாற்பட்ட நேரடிச் சாட்சி" என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நாளைய பேப்பரில் தம் படம் வரும் மகிழ்ச்சியில் செயலாளர்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

"அப்போ மிச்சத்தையும் சொல்லிடறேன்" என்றாள் தையல் டீச்சர். "அதே மாடி. அதே நேரம். அதே கண்ணு. இவரு கார்தான் பின்னால வந்து வாட்ச்மேனை இடிச்சுது. இவரு இறங்கிப் பார்த்துட்டு ஏறிப் போயிட்டாரு. அவரு தூங்கலை."

செயலாளர் இடுப்பிலிருந்த ஹால் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அவ்வளவுதான்.

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "நீ அப்போ வானத்தையில்ல பார்த்துக்கிட்டிருந்தே?"

"கழுத்து கீழேயும் இறங்குங்க."

"சாயங்கால வெளிச்சம்மா" என்றார் அண்ணன். "மங்கலா இருக்கும். நிழலு கிழலு கார் மாதிரி தெரிஞ்சிருக்கும்."

"நிழலா இறங்கி வந்து ரெண்டு பக்கமும் பார்த்துச்சு?"

"மூளை இட்டுக்கட்டும்மா. அது ஒரு பெரிய சப்ஜெக்ட்."

"மச்சான் சொல்றது ரொம்பச் சரி" என்றார் பல் டாக்டர்.

"மாப்பிள்ளை சொன்னா அப்பீலே இல்லை" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

விஞ்ஞானமும் நம்பிக்கையும் இவ்வாறு கைகோத்த காட்சியை வேறெங்கும் காண முடியாது. தீர்மானத்தில் ஒரு சிறு திருத்தம் செய்யப்பட்டது: சாட்சி தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கண்டவை ஐயத்துக்கு அப்பாற்பட்டவை, தொட்டிக்குக் கீழே கண்டவை மேல் ஆய்வுக்குரியவை.

தையல் டீச்சர் எழுந்து நின்றாள். "ரெண்டையும் பார்த்தேன். நம்ப முடியாதுன்னா ரெண்டையுமே பார்க்கலை. வானத்துல ஒண்ணும் போகலைன்னு எழுதிக்குங்க."

நிருபர் பேனாவை நிறுத்தினார். செயலாளர் முகம் சுண்டியது. பேரவையில் ஒருவர் மெல்லக் கை தூக்கினார். "தட்டை நானும் பார்த்தேன் சார்." பின்னால் ஒரு கை. பிறகு வட்டத்திலிருந்தே ஒரு கை. நிருபர் எழுத எழுதக் கைகள் முளைத்தன. கடைசியில் ஹாலே வானத்தைப் பார்த்திருந்தது. வாசலைத்தான் ஒருவரும் பார்த்திருக்கவில்லை. இரண்டாவது பொருளும் அதே கைகளால் நிறைவேறியது.

நிருபர் கதவோரம் நின்ற வாட்ச்மேனிடம் போனார். "நீங்க கேட்லதானே இருந்தீங்க? பார்த்திருப்பீங்களே?"

"தலைக்கு மேலே போனது யாருன்னு தெரியாதுங்க. என்னை இடிச்சுட்டுப் போனது யாருன்னு தெரியும்."

"அது வேண்டாங்க. மேலே போனதை மட்டும் சொல்லுங்க."

வாட்ச்மேன் ஒற்றைக் கையால் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். தையல் டீச்சர் மறுபக்கத்திலிருந்து அடுக்கினாள். நிருபர் விடாமல் அவளிடம் வந்தார்.

"அம்மா, கடைசியா ஒரே கேள்வி. அவங்க எந்தக் கிரகத்துலேர்ந்து வந்திருப்பாங்க?"

"அவ்வளவு உயரத்துல போனவங்களுக்குக் கீழே நடந்தது நல்லாத் தெரிஞ்சிருக்குமா, தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்கும்."

"ஒரு மனுஷன் கை ஒடிஞ்சு கிடக்கறதைப் பார்த்துட்டும், நமக்கெதுக்கு வம்புன்னு சத்தமே இல்லாமப் போயிட்டாங்க." அவள் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். "கிரகமெல்லாம் தேடாதீங்க தம்பி. அவங்க நம்ம சங்கத்து உறுப்பினர்கள்தான்."