எதிர் கிளினிக் லேசர்

"ஏன் டாக்டர், எதிர் கிளினிக்ல புது லேசராமே? கத்தியே படாதாம். நீங்க இன்னும் கத்திதானா?"

கேட்டவர் கண்ணாடிக்கு விடைகொடுக்க ஆசைப்பட்ட ஒரு வாத்தியார். கேட்டுவிட்டு நேராகத் தெருவைக் கடந்து அங்கேயே நுழைந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த கண் டாக்டருக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவருடைய மெஷினும் ஒன்றும் சோடை இல்லை. கருவிழியின் மேல்படலத்தைச் சின்னக் கத்தி ஒன்று மெல்லச் சீவித் திறக்கும். அதன்பிறகு லேசர் வேலையை முடிக்கும். எதிரேயோ திறப்பதும் லேசர், திருத்துவதும் லேசர்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று மனைவியிடம் பொருமினார்.

"இங்க நின்னு புகையறதுக்கு, போய்ப் பார்த்துட்டு வாங்களேன்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் மறுநாளே கிளம்பிவிட்டார். சாயம்போன சட்டை, முகத்தில் மாஸ்க். ஊரார் கண்ணாடியையெல்லாம் கழற்றிவிடும் டாக்டர் போட்டிருந்ததோ சோடாபுட்டி. அடையாளம் தெரிந்துவிடுமே என்று அதைக் கழற்றி மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே நுழைந்ததும் வரவேற்பில் நின்ற பெண்ணுக்குப் பணிவாக வணக்கம் வைத்தார். அது பூந்தொட்டி. நிஜமான வரவேற்புப் பெண் ஓடிவந்து, கையைப் பிடித்துப் பரிசோதனை அறையில் உட்காரவைத்தாள்.

"தெரியிற வரைக்கும் படிங்க சார்," என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

சுவரே மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் தன் கிளினிக்கில் தினமும் பார்க்கிற அதே எழுத்துப் பலகை ஆயிற்றே! நாக்கு தன்பாட்டுக்குக் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்துவிட்டது.

"பார்வை பிரமாதமா இருக்கே! உங்களுக்கு எதுக்கு லேசர்?"

"இல்லம்மா, குத்துமதிப்பா சொன்னேன்..."

"அப்ப மேல இருக்கற பெரிய எழுத்து என்ன?"

இதையாவது தப்பாகச் சொல்லிச் சமாளிப்போம் என்று தப்பாகச் சொன்னார்.

"பொடி எழுத்து தெரியுது, பெரிசு தெரியலையா? உள்ள ஏதோ கோளாறு சார்!" என்று நர்ஸ் பதறினாள். அவர் மறுப்பதற்குள் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விழுந்தது. கொஞ்சநஞ்சம் தெரிந்ததும் போயிற்று.

அவரைத் தேற்றுவதற்காக அவள் தங்கள் லேசரின் பெருமையை எடுத்துவிட்டாள். "பயப்படாதீங்க. கண் எந்தப் பக்கம் அசைஞ்சாலும் எங்க மெஷின் கூடவே போகும்."

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "எங்க மெஷினும்தான் போகும்!"

"உங்க மெஷினா?"

"அது... தையல் மெஷின்."

"தையல் மெஷின் எதுக்கு சார் கண்ணு கூடப் போகுது?"

அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருக்க அவருக்கு என்ன பைத்தியமா? சுவரைத் தடவித் தடவி வாசலுக்கு வந்து சேர்ந்தார். வெயில் கண்ணைக் குத்தியது. தெருவில் சர் சர்ரென்று வண்டிகள். ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "யாராவது என்னை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடுங்களேன்!" என்று கெஞ்சினார்.

வரவேற்புப் பெண் வந்து அவர் கையைப் பற்றினாள்.

"வாங்க டாக்டர், நானும் அங்கதான் வரேன். எங்க டாக்டர் உங்க மெஷினைப் பார்க்கணும்னு காலையிலயே பேஷண்ட் மாதிரி உங்க கிளினிக்குப் போனாரு. இந்நேரம் அவருக்கும் சொட்டு மருந்து விட்டிருப்பாங்க, நான் போய்த்தான் கூட்டிட்டு வரணும்."