கண்ணை மட்டும் மூடியிருந்த கியெம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் எங்கள் ஊர்க் கான்தோ ஆற்றிலுள்ள அத்தனை விரால் மீனும் என் தூண்டிலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும்!

படகு மோட்டார் பழுதுபார்க்கும் கியெம், மத்தியானச் சோறு முடிந்ததும் ஆற்றங்கரை வாசலில் கட்டிய வலைத்தூளியில் ஏறிவிடுவார். அந்த ஒன்றரை மணி நேரம் எங்கள் தெருவே படுத்துவிடும். காபிக்கடைக்காரர் மேசைமேலேயே சரிந்துவிடுவார். நாய்கூடக் குரைக்காது. குரைத்தாலும் கேட்காது, கியெமின் குறட்டை அப்படி. சரக்குக் கப்பல் வருகிறதென்று படகுகள் கரையோரம் ஒதுங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

அதை அவரிடம் சொல்லிவிட முடியாது.

“குறட்டையா? நானா? தூங்கினாத்தானே குறட்டை! கண்ணை மட்டும் மூடியிருந்தேன்!”

ஒருநாள் மனைவி லியூவும், பக்கத்து வீட்டுத் தாம் அக்காவும் சேர்ந்து வந்து நின்றார்கள். அக்கா அரிசிப் பலகாரம் விற்கிறவள். இருட்டோடு எழுகிறவளுக்கு மத்தியானத் தூக்கம்தான் உயிர்.

“தம்பி, பதினோரு நாளா நான் கண்ணசரல. நேத்து சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டிட்டேன்.”

“அது உங்க கைக்கோளாறு. என் மூக்கை ஏன்க்கா வம்புக்கு இழுக்கறீங்க?”

கியெமுக்குக் காது சிவந்துவிட்டது. உழைக்கிற மனுஷன் கொஞ்சம் சாய்ந்தால் அதற்கொரு பஞ்சாயத்தா?

“பந்தயம்! இப்பவே படுக்கறேன். ரெண்டு பேரும் பக்கத்துலயே உக்காருங்க. ஒரு நொடி தூங்கினேன்னா, மழைக்காலம் வர்ற வரைக்கும் தூளி உனக்கு. நான் பின்னாடி பன்றிக் கொட்டில் பக்கம் பலகையில படுத்துக்கறேன்.”

“தூங்கலைன்னா?” என்றாள் லியூ.

“குறட்டைங்கற பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது!”

“சரிங்க.”

அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே கியெம் சுதாரித்திருக்க வேண்டும். லியூ சுகாதார நிலையத்தில் தரை துடைக்கிறவள். தூக்கத்தின் முதல் படியில் இருப்பவனை எழுப்பினால், தூங்கவே இல்லையென்று அடித்துச் சொல்வான், மூளை அதைக் குறித்து வைப்பதில்லை என்று நர்சுகள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருந்தது.

கியெம் இரண்டு காபியைக் குடித்துவிட்டுத் தூளியில் ஏறினார். விழித்திருக்க மோட்டாரின் பாகங்களை வரிசையாக முணுமுணுத்தார். பிஸ்டன். வளையம். கார்புரே...

கூரைத் தகரம் அதிர்ந்தது.

லியூ காதருகே குனிந்தாள். “என்னங்க, தூங்கிட்டீங்களா?”

“இல்ல.”

தகரம் மறுபடி அதிர்ந்தது.

“தூளியை எனக்கே குடுத்துடறீங்களா?”

“ம்... எடுத்துக்க.”

“காலம் பூராவுமா?”

“பூராவும்.”

தாம் அக்கா முந்திக்கொண்டு வந்த சிரிப்பை வாயைப் பொத்தி அடக்கினாள். லியூ கியெமின் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள்.

“தூங்கல!” என்று துள்ளி எழுந்தார் கியெம். “கார்புரேட்டர் வரைக்கும் வந்திருந்தேன்!”

“நாங்க பேசினது கேட்டுச்சா?”

“ஒரு எழுத்து விடாம! என் பட்டறைமேல சத்தியமா!”

“அப்ப நீங்கதான் ஜெயிச்சீங்க.” என்றாள் லியூ. கியெம் நெஞ்சை நிமிர்த்தினார். அவள் விடவில்லை. “ஆனா தூளி காலம் பூராவும் எனக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு அக்கா சாட்சி.”

“எப்படி எப்படி? எப்ப சொன்னேன்?”

“முழிச்சிட்டிருக்கும்போதுதான். இல்ல, தூங்கிட்டிருந்தீங்களா?”

கியெம் மனசுக்குள் கணக்குப் போட்டார். தூங்கினேன் என்றால் மழைக்காலம் வரைக்கும் தூளி போகும், மானமும் போகும். தூங்கவில்லை என்றால் தூளி ஒரேயடியாகப் போகும்.

“அநியாயம்! பகல் கொள்ளை! முழிச்சிட்டுத்தான்டி சொன்னேன்!”

மறுநாள் பலகையில் வியர்த்துக் கிடந்தார். கொட்டில் கொசுக்கள் முறை வைத்துக் கடித்தன. வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கொதிக்கிற கெட்டில் மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தார். தூளியில் லியூ, வாய் திறந்தபடி!

“ஆகா! அகப்பட்டியா! இப்ப யாரு குறட்டை விடறது?”

லியூ ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

“நானா? கண்ணை மட்டும் மூடியிருந்தேங்க. அப்புறம், அந்தப் பேச்சு இந்த வீட்ல வரக்கூடாதுன்னு ஜெயிச்சது நீங்கதானே?”

இதைச் சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். என் படகு மோட்டார் இன்னும் அவர் பட்டறையில் கழற்றியபடி கிடக்கிறது.