சவுக்காரம் போட்ட ஜப்பான் நோட்டு

ரிங்லெட்
12.8.1979

பெருமதிப்பிற்குரிய மச்சான் காளியண்ணன் அவர்களுக்கு, தங்கள் தங்கை நாகமணியின் கணவன் பசுபதி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் சுகம். தாப்பாவில் தங்கள் வீட்டாரும், போன செவ்வாய்க்கிழமை முதல் தங்கள் வீட்டிலிருக்கும் என் வீட்டாரும் சுகமென்று நம்புகிறேன்.

நடந்ததை நாகமணி ஒருவிதமாகச் சொல்லியிருப்பாள். நான் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை ஓய்ந்ததிலிருந்து நான் ஜப்பான்காரன் காலத்து நோட்டு சேர்ப்பது தாங்கள் அறிந்ததே. பிரிஞ்சாங்கில் நல்லுசாமி வாத்தியாரும் சேர்க்கிறார். ஆல்பம், பூதக்கண்ணாடி எல்லாம் வைத்திருக்கிறார். வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டில் நம்பர் அடித்தது கிடைப்பது அபூர்வம், அதுவும் கறையில்லாமல் இருக்கணும் என்றார். நம்ம சாமி மேடையிலேயே ஒண்ணு இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு. எங்க கல்யாணத்தன்னிக்கு உங்கப்பா தட்டுல வச்சுக் கொடுத்தது. நாலு மூலையிலயும் மஞ்சள். சரி, கறைதானே, சவுக்காரம் போட்டா போயிடும்லான்னு போட்டேன். போயிடுச்சு. நோட்டு துவண்டு கிடந்துச்சு, கஞ்சியில முக்கி இஸ்திரியும் போட்டேன். அப்பளம் மாதிரி நின்னுச்சு. வாத்தியார்கிட்ட கொண்டு போனா, துவைச்ச நோட்டை எவன் ஆல்பத்துல வைப்பான்னு தலையில அடிச்சுக்கிறாரு. கறை இருந்தாலும் ஆகாது, எடுத்தாலும் ஆகாதுன்னா மனுஷன் என்னதான் பண்றது? ஜப்பான்காரன் தோத்தப்பவே செல்லாமப் போன நோட்டு, இன்னும் எத்தனை தடவை செல்லாமப் போகும்? எனக்கு ஒண்ணும் விளங்கலை மச்சான்.

வீட்டுக்கு வந்தா நாகமணி சாமி மேடை முன்னாடி நிக்கிறா. நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "அது எங்கப்பா விரலு"ன்னா. நான் உடனே மஞ்சள் குழைச்சு, அதே நாலு மூலையிலயும் தொட்டு வச்சுக் கொடுத்தேன். அப்பதான் அழுதா. மஞ்சள் போனப்ப அழாதவ, வச்சப்புறம் அழுறா, இது என்ன நியாயம்? நோட்டை மேடையிலேயே வச்சுட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டா.

கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம் உங்கப்பாவை ஜப்பான்காரங்க சயாம் ரயில் பாதை போடப் பிடிச்சுட்டுப் போனாங்க, திரும்பி வரலை, ஒரு போட்டோகூட கிடையாது, எல்லாம் வாஸ்தவம். அதுக்கு நானா பொறுப்பு? ஆகவே என் பேரில் தவறில்லை என்பதைத் தாங்களே எடுத்துச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் அவளை அனுப்பி வைக்க வேண்டியது. நான் நேரில் வந்து அழைப்பதாக இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முருகன் ஒரு குறையும் வைக்க மாட்டான்.

இப்படிக்கு,
பசுபதி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில போடுறதுக்கு முன்னே, மேடையில இருந்த நோட்டை எடுத்து மோந்து பார்த்தேன். முப்பத்தாறு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாம அவ கண்ணுல ஒத்திக்கிட்ட நோட்டு. சவுக்கார வாசம்தான் வருது. தப்பு என்னோடதுதான் மச்சான். மேலே எழுதின எதையும் அவகிட்ட படிச்சுக் காட்டாதீங்க. நாளைக்குக் காலை பஸ்ஸுல நானே வர்றேன். ஸ்டாம்பு ஒட்டிட்டேன், வீணாக்க மனசில்லை, அதனால இதையும் அனுப்பறேன். எனக்கு முந்தி இது வந்து சேர்ந்தா, பிரிக்காமலே அடுப்புல போட்டுடுங்க.