ஆறுமுகநயினார் எப்போது செத்தார்?

"ஆளு செத்தது எப்பக்கா?"

ஜெயபிரியா கேட்டது சந்தனமாரியின் பூட்டனைப் பற்றி. தாலுகா அலுவலகக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த சந்தனமாரி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பவோ செத்துட்டாரும்மா."

"எப்பவோன்னு போட கம்ப்யூட்டர்ல இடம் கெடையாதுக்கா. தேதி வேணும்."

"அவரு பொறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டு. நீயே சொல்லு, இன்னும் இருப்பாரா?"

"இருக்க மாட்டாருதான். ஆனா ரெக்கார்டுல இருக்காரே."

மேலகரத்து வீடு இன்னமும் பூட்டன் ஆறுமுகநயினார் பேரில்தான் கிடந்தது. தாத்தாவும் அப்பாவும் அதில் குடியிருந்தார்களே தவிர, பட்டா மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒற்றை வாரிசான சந்தனமாரிக்குத் தோன்றியது. சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அறை கிடைக்காமல் காரிலேயே தூங்குகிறார்கள். மாடியில் நாலு அறை எடுத்துக் கட்டிவிட்டால், வாழைத்தார் டெம்போவை நம்பிப் பிழைக்க வேண்டாம். லோன் கேட்டால் பட்டா என்றார்கள். பட்டாவுக்குப் போனால் வாரிசுச் சான்று. வாரிசுச் சான்றுக்குப் போனால் இறப்புச் சான்று. அந்த இடத்தில் பூட்டன் வந்து குறுக்கே படுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அவர் செத்த கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பேரருவியில் குளிக்கப் போனவரை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. பூட்டி சங்கரம்மாள் கைப்பிள்ளையோடு தனியாக நின்று வயலைப் பார்த்து, வீட்டைக் காப்பாற்றினாள். இறப்புப் பதிவில் மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

"வெள்ளத்துல போனவருன்னா பேப்பர்ல வந்துருக்கும்லாக்கா? அதக் கொண்டாங்க, பாப்போம்" என்றாள் ஜெயபிரியா.

பழைய பத்திரிகைகளைக் கட்டி வைத்திருக்கும் நூலகம் திருநெல்வேலியில் இருந்தது. துணைக்கு வந்தான் புருஷன் இசக்கிமணி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறவன். பக்கத்தைத் தொட்டாலே அப்பளம் போல நொறுங்கியது. சந்தனமாரி ஒரு பக்கம் புரட்டுவதும் ஒரு தும்மல் போடுவதுமாக இருந்தாள். இசக்கிமணி விளம்பரம் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, அந்தக் காலத்துலயே மூலத்துக்கு லேகியம் போட்டுருக்கான் பாரு."

"லேகியமா தேட வந்தோம்? சாவு தேடுங்க."

சாவு கிடைத்தது. 1938, ஆடி மாதம். 'குற்றாலம் பேரருவியில் ஸ்நானஞ் செய்யப் போன மேலகரம் ஆறுமுகநயினார் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மரணமடைந்ததாக அவர் பாரியாள் சங்கரம்மாள் தெரிவிக்கிறார்.'

"செத்துட்டாரு! ஏங்க, செத்துட்டாருங்க!" என்று சந்தனமாரி எழுந்து நின்று கத்தினாள்.

வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நூலகர் ஓடிவந்து, "மனசத் தேத்திக்கங்கம்மா" என்று தண்ணீர் கொடுத்தார்.

செய்தியின் நகலைப் பார்த்து ஜெயபிரியாவுக்கும் சந்தோஷம். "இனிமே வில்லங்கம் மட்டும் போட்டுப் பாத்துட்டா முடிஞ்சிதுக்கா."

போட்டுப் பார்த்தார்கள். பேருக்கு ஏற்றாற்போல் வில்லங்கம் வந்தது. 1944இல் அந்த வீட்டின் மேல் ஒரு வழக்கு. வாதி ஆறுமுகநயினார். பிரதிவாதி சங்கரம்மாள். வழக்கு தள்ளுபடி.

ஜெயபிரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். "யக்கா, செத்து ஆறு வருசம் கழிச்சி வந்து கேஸு போட்டுருக்காரே?"

"அதெப்படிம்மா?"

"எங்கிட்ட கேக்குதீங்களே. உங்க பூட்டன்தான?"

"சரி, கேஸு என்னன்னு எழுதியிருக்குமே."

"அந்தக் காலத்துக் கேஸ் கட்டெல்லாம் கோர்ட்டுல எப்பவோ அழிச்சிட்டாங்கக்கா. இந்த ஒரு வரிதான் மிச்சம்."

சந்தனமாரி வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். இசக்கிமணிக்கு நன்றாக இறங்கியது. ரசத்தை உறிஞ்சிவிட்டு ஒரு யோசனை சொன்னான்.

"ஏட்டி, நம்ம பக்கம் ஆறுமுகநயினாருக்கா பஞ்சம்? கேஸு போட்டவன் வேற ஆறுமுகநயினாருன்னு எழுதிக் குடுத்துரு. சோலி முடிஞ்சிது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாளே எழுதிக் கொடுத்தாள். ஜெயபிரியா மனுவைக் கடைசிவரை படித்தாள்.

"வேற ஆளுன்னா, அந்த வேற ஆளும் இந்த வீட்டுக்கு உரிமை கொண்டாடியிருக்காருல்லா? அப்ப வீடு எந்த ஆறுமுகநயினாரோடது? இனிமே ரெண்டு பேரு செத்த தேதியும் வேணும்க்கா."

ஒருவரைச் சாகடிக்க வந்தவள் தலையில் இப்போது இரண்டு பேர். அந்த மனுவைத் திரும்ப வாங்க இன்னொரு மனு எழுத வேண்டியிருந்தது. அன்று இசக்கிமணிக்கு ரசம் கிடைக்கவில்லை.

மறுபடியும் நூலகம். மறுபடியும் தும்மல். அவர் இரண்டாவது தடவையாக எங்காவது செத்திருக்கிறாரா என்று நாற்பத்து நாலுக்கு மேல் தேடினாள். நூலகர் அவளைப் பார்த்ததும் தண்ணீரைத் தயாராக எடுத்து வைத்தார். நாற்பத்தைந்தில் ஒரு விளம்பரம் அகப்பட்டது.

'பொதுஜன அறிவிப்பு. மேலகரம் ஆறுமுகநயினாராகிய நான் தற்சமயம் ராயகிரியில் வசித்து வருகிறேன். என்னைக் குறித்து சங்கரம்மாள் சொல்லிவரும் பொய்யை எவரும் நம்ப வேண்டாம்...' அதற்குக் கீழே பூச்சி தின்றிருந்தது.

சந்தனமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வெள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஓடிப்போயிருக்காரு! பச்சப் பிள்ளையோட எங்க பூட்டிய விட்டுட்டு ஓடி, வீட்டுக்குக் கேஸும் போட்டு, பேப்பர்ல பொய்க்காரின்னு வேற போட்டுருக்காரு!"

"ராயகிரில இன்னொரு குடும்பம் இருந்துருக்கும்" என்றான் இசக்கிமணி. சொன்ன பிறகுதான் அது தேவையில்லாத பேச்சு என்று அவனுக்கே தெரிந்தது.

ஜெயபிரியாவும் அதையே சொன்னாள். "அப்படி இருந்தா அவங்க வாரிசுகளும் கையெழுத்துப் போடணும்க்கா."

"எத்தன பேரு போடணும்?"

"அது அவரு எப்படிப்பட்டவருங்கிறதப் பொறுத்து."

ஞாயிற்றுக்கிழமை டெம்போவிலேயே ராயகிரிக்குப் புறப்பட்டார்கள். ஏறி உட்கார்ந்ததில் இருந்து சந்தனமாரி பூட்டனைத் திட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியிலேயே வசவு தீர்ந்துபோய், முதலில் இருந்து தொடங்கினாள். சீசன் தொடங்கப் போகிறது. மேற்கே மலை உச்சியில் மேகம் வேறு இறங்கிவிட்டது. மாடியில் ஒரு செங்கல் ஏறவில்லை.

விசாரித்ததில் வல்லிநாயகம் அண்ணாச்சி வீட்டைக் காட்டினார்கள். எழுபது தாண்டியவர், முற்றத்தில் எலுமிச்சம்பழம் பிரித்துக்கொண்டிருந்தார். பூட்டன் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆறுமுகநயினாரா? எங்க ஆச்சி கூடப்பொறந்தவருல்லா! தங்கச்சி வீடுன்னு இங்கனதான் கெடந்தாரு. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது செத்தாரு. இரிங்க, காப்பி போடச் சொல்லுதேன்."

"இங்கன அவருக்குச் சம்சாரம், பிள்ளைங்க?" என்று சந்தனமாரி கேட்டாள்.

"அவருக்கு யாரும்மா பொண்ணு குடுப்பா? ஒத்தக்கட்டதான்."

சந்தனமாரிக்குப் பாதி உயிர் திரும்பியது. "அப்ப செத்ததப் பதிஞ்சீங்களா அண்ணாச்சி?"

"போனாங்க. பதிய முடியாதுன்னுட்டாவ."

அவ்வளவுதான். அவள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. "இருக்கும்போதும் உபத்திரவம், செத்த பெறவும் உபத்திரவமா? கட்டுனவள நடுத்தெருவுல விட்டுட்டு, செத்துட்டேன்னு நாடகம் போட்டுட்டு ஓடி வந்த மனுசனுக்கு நீங்க சோறு வேற போட்டுருக்கீங்க!"

அண்ணாச்சி கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"அவரு நாடகம் பாக்கப் போனவரும்மா, போட்டவரு இல்ல. குற்றாலத்துல குளிச்சிட்டு வாரேன்னு சொல்லிட்டு நாடகக் கம்பெனி பின்னால ஊர் ஊராப் போயிருவாரு. வருசா வருசம் இதே சோலி. அந்தத் தடவ திரும்பி வந்தா, இவருக்கே பதினாறாம் நாள் அடியந்திரம் முடிச்சி பந்தியில எல எடுத்துக்கிட்டிருக்காவ. உங்க பூட்டி நடைவாசல்ல நின்னு, 'எம் புருசன வெள்ளம் கொண்டு போயிட்டு, நீரு யாரு?'ன்னு கேட்டுட்டுக் கதவச் சாத்திட்டா. பந்தியில சாப்ட்டவன் ஒருத்தனும் வாயத் தெறக்கல."

சந்தனமாரி இசக்கிமணியைப் பார்த்தாள். அவன் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான்.

"அப்ப அந்தக் கேஸு, அண்ணாச்சி?"

"'நான் சாகலை'ன்னு அவரு போட்ட கேஸுதாம்மா அது, 'நீரு முப்பத்தெட்டுலயே செத்தாச்சு, போயிட்டு வாரும்'னு கோர்ட்டுல முத்திரை குத்திக் குடுத்த தீர்ப்பு உள்ளதான் கெடக்கு, எடுத்துட்டு வரட்டா?"