நடவுக் கோட்டும் ஒரு கையெழுத்தும்

வைத்தியலிங்கம் அன்று காலை ஒரு முடிவு எடுத்தார். பல் துலக்கும்போதே எடுத்துவிட்டார். வாய் கொப்பளித்ததும் அறிவித்தார்.

"இந்த உடம்புல உசுரு இருக்கற வரைக்கும் அந்தப் பாரத்துல கையெழுத்துப் போட மாட்டேன்!"

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஈஸ்வரி தலையை மட்டும் நீட்டினாள். "இட்லிக்குச் சட்னியா, சாம்பாரா?"

"நான் எவ்வளவு பெரிய விஷயம் பேசிக்கிட்டிருக்கேன்!"

"அதான் கேட்டேன். பெரிய விஷயம்னா சாம்பாரு வெச்சுடறேன்."

பாரம் என்றால் கல்லூரி விண்ணப்பப் பாரம். மகள் தையல்நாயகி பிளஸ் டூ முடித்துவிட்டாள். நல்ல மார்க். வைத்தியலிங்கம் மனசுக்குள்ளேயே அவளை வேளாண்மைக் கல்லூரியில் சேர்த்து, வேலை வாங்கிக் கொடுத்து, அரசாங்க ஜீப்பில் ஏற்றி உட்காரவும் வைத்துவிட்டார். அவளோ சத்தம் போடாமல் ஃபேஷன் டிசைன் நுழைவுத் தேர்வை எழுதி, பாஸும் பண்ணி, சென்னைக் கல்லூரிப் பாரத்தோடு வந்து நிற்கிறாள். குடமுருட்டிப் பாசனத்தில் ஆறு ஏக்கர் குறுவை போடுகிற மனுஷருக்குத் தெரிந்த ஃபேஷன் ஒன்றே ஒன்றுதான். டிவியில் பெண்கள் முறைத்துக்கொண்டு நடந்து வருவார்கள். வந்த வேகத்தில் கோபித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

"துணி தைக்க நாலு வருஷப் படிப்பா? நம்ம கடைத்தெரு ஜாபிர் பாய் எந்தக் காலேஜுக்குப் போனாரு?"

"தைக்கிறது வேற, டிசைன் வேறப்பா," என்றாள் தையல்நாயகி. "யாரு போடறாங்க, போட்டுக்கிட்டு என்ன வேலை செய்யறாங்கன்னு பார்த்து, அதுக்குத் தக்கன யோசிக்கணும். அதான் படிப்பு."

"அப்படி யோசிச்சு நீ தெச்சதை இந்த ஊர்ல எவன் போடப் போறான்?"

"போட்டா?"

வைத்தியலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் அவருக்கு வாய் நிற்காது. பரம்பரை வியாதி.

"எவனோ எதுக்கு? நானே வாயைத் திறந்து, 'அம்மா, நீ டிசைன் பண்ணுன துணி வேணும்'னு உன்கிட்ட கேக்கணும். அன்னிக்குப் போடறேன் கையெழுத்து!"

ஈஸ்வரி கரண்டியோடு வெளியே வந்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். இன்னும் சத்தமாகவே சொன்னார். நாற்றங்காலில் பதினைந்து நாள் நாற்றை வைத்துக்கொண்டு விவசாயி சவால் விடக் கூடாது. அது அவருக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் வீடு அமைதியாக இருந்தது. அம்மாவும் மகளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். பாவம்.

பதினோராம் நாள் வாய்க்காலில் தண்ணீர் முறை வந்தது. வயலைச் சேறடித்து வைத்துவிட்டு, நடவுக்கு ஆள் சொல்லப் பொன்னுத்தாய் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பன்னிரண்டு பெண்கள் கொண்ட நடவுக் குழுவுக்குப் பொன்னுத்தாய்தான் தலைவி. அவள் சொன்னால் ஆள் இறங்கும், சொல்லாவிட்டால் இல்லை.

"நாளைக்கு வந்துடும்மா."

"ஆள் வராதுண்ணே."

"ஏன்?"

"கோட்டு வந்தாத்தான் வருவோம்."

நடவுப் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளைகளின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் வயலில் இறங்குவார்கள். வெயிலுக்கும் சேற்றுக்கும் அதுதான் காப்பு. ஐம்பது வருஷமாக வைத்தியலிங்கம் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி.

பொன்னுத்தாய் உள்ளே போய், நீலத்தில் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே குனிந்தும் காட்டினாள்.

"ஆம்பளை சட்டை நிமிந்து நடக்கறவனுக்குத் தெச்சதுண்ணே. நாங்க நாள் பூரா குனிஞ்சு கெடக்குறோம். முதுகு இழுக்கும், கை சேத்துல தோயும், மேப்பாக்கெட்டுல வெச்ச போனு தொபுக்குன்னு விழும். இதப் பாருங்க. முதுகுல மடிப்பு, குனிஞ்சா விரியுது. மணிக்கட்டுல எலாஸ்டிக். போனுக்கு இடுப்புக்குப் பின்னால ஜிப்பு வெச்ச பை."

"யாரு தெச்சது?" என்று கேட்டார். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"உங்க பொண்ணுதான். ரெண்டு நாளு எங்க கூட வரப்புல நின்னு பாத்துச்சு. குனியச் சொல்லி அளவெடுத்துச்சு. இத்தனை வருஷத்துல எங்களைக் கூப்பிட்டு யாருண்ணே அளவெடுத்தா?"

வைத்தியலிங்கத்துக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டார்.

"டீயோட போண்டாவும் வாங்கித் தரேன், வாங்க."

"போண்டாவ மாட்டிக்கிட்டு நட முடியுமாண்ணே? மிச்சம் பதினோரு பேருக்கும் கோட்டு வேணும். பழைய சட்டையில ஒருத்தியும் இறங்க மாட்டா."

"அவகிட்டயே கேக்கறதுதானே?"

"கேட்டோமே. அப்பா வந்து கேட்டாத்தான் தெப்பேன்னுடுச்சு."

வண்டியைத் திருப்பும்போது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் எதிரி இருந்தால் சமாளிக்கலாம். வயல் வரைக்கும் ஆள் சேர்த்து வைத்திருக்கிறார்களே! நடவு மிஷினைக் கூப்பிடலாம் என்றால் அவர் வயல் பள்ளக்கால். மிஷின் இறங்கினால் அச்சு வரை புதையும். பக்கத்து ஊர்க் குழுவுக்கு மாசக் கடைசி வரை வேலை. நாற்றோ முப்பது நாளைத் தொடப் போகிறது. அதைத் தாண்டினால் முற்றிவிடும்; முற்றிய நாற்றில் தூர் வெடிக்காது, விளைச்சல் விழும்.

ஆனாலும் அவர் மசியவில்லை. காரணம் இருந்தது. பாரம் போய்ச் சேரக் கடைசி நாள் புதன்கிழமை. அன்று திங்கள். செவ்வாயும் புதனும் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்திவிட்டால், வியாழக்கிழமை தாராளமாகக் கேட்கலாம், தாராளமாகக் கையெழுத்தும் போடலாம். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியதாகவும் ஆச்சு, படிப்பு கெட்டதாகவும் ஆச்சு. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாளும் நாற்றங்கால் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். நாற்று அவரையே பார்ப்பது போலிருந்தது. சோறு இறங்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தார்.

வியாழன் விடிந்ததும் கூடத்துக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். யாராச்சும் பதினோரு கோட்டு..."

"ஒரு பேச்சுக்கெல்லாம் வேணாம்," என்றாள் ஈஸ்வரி. "சவால்ல சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"நடவுக்குக் கொஞ்சம்..."

"வாயைத் திறந்து."

திறந்தார். "அம்மா. நீ டிசைன் பண்ணுன துணி வேணும்."

தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒரு மூட்டையைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். பதினோரு நீலக் கோட்டு. பித்தான் வரைக்கும் முடிந்திருந்தது.

"எப்ப தெச்ச?"

"நீங்க வரப்புல உட்கார்ந்திருந்தீங்களே, அப்பதாம்பா."

ஈஸ்வரி காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். "கண்ணாடி எடுத்துட்டு வரவா?"

"கையெழுத்துப் போட எனக்கு எதுக்குக் கண்ணாடி?" என்று சொல்லி, பெயரை நீட்டி எழுதி, அடியில் கோடும் இழுத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். திங்கள்கிழமையிலிருந்து சேர்த்து வைத்த சிரிப்பு.

"ஆனா பாரு ஈஸ்வரி, நேத்தோட கடைசித் தேதி முடிஞ்சுபோச்சு!"

"ஆமாங்க. அதனாலதான் செவ்வாக்கிழமையே பாரத்தை அனுப்பிட்டோம். சீட்டும் உறுதியாயிடுச்சு."

"என் கையெழுத்து இல்லாமயா?"

"தாய் அல்லது தந்தைன்னு போட்டிருந்துச்சு. தாய் சும்மாதானே இருந்தேன், போட்டுட்டேன்."

வைத்தியலிங்கம் காகிதத்தைப் பார்த்தார். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. "அப்ப இது என்ன?"

ஈஸ்வரி வாங்கிப் படித்தாள். "'பள்ளியில் மாணவ மாணவியருக்கு ஃபேஷன் டிசைன் படிப்பைப் பற்றி எடுத்துச் சொல்ல நான் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்.' இவ ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டிருந்தாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு."

"நானா? எனக்கு என்னடி தெரியும்?"

"படிப்பைப் பத்தி அவ பேசிக்குவா. மாட்டேன்னு அடம்புடிக்கிற அப்பாமாருங்களை எப்படி வழிக்குக் கொண்டுவர்றதுன்னுதான் நீங்க சொல்லணுமாம்."