சமையலுக்கு நாங்கள் பொறுப்பு

மருமகன் சிரஞ்சீவி மோகன்குமாருக்கு, மல்லசமுத்திரத்துத் தோட்டத்திலிருந்து உன் மாமன் தங்கசாமி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தை சென்னியம்மாள், கல்யாணப் பெண்ணான என் மகள் நித்யஸ்ரீ, மாடு கன்று எல்லோரும் சௌக்கியம். நீ செய்து கொடுத்த கல்யாண வெப்சைட் மட்டும் சௌக்கியமில்லை. மின்னஞ்சலில் எழுதினால் நான் எழுதாததும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயந்து கூரியரில் அனுப்புகிறேன்.

பேரும் ஊரும் போட்டால்தான் பக்கம் திறக்கும் என்று வைத்தாயே, நல்ல ஏற்பாடுதான். ஆனால் திறந்தவர் பேரிலெல்லாம், "குடும்பத்தோடு முதல் நாளே வருகிறோம், சமையலுக்கு நாங்கள் பொறுப்பு" என்று தானாகவே வாழ்த்து விழுந்தால் என்ன செய்வது? ஊரே கரண்டி தூக்கி நிற்கிறது. சம்பந்தியம்மா பேரிலும் அதே வரி. "ஏனுங்க, பையனைப் பெத்த நான் உங்க ஊட்டுக் கல்யாணத்துல சட்டி கழுவோணுமுங்களா?" என்று போனில் பிடித்துக்கொண்டார்கள். சமையல்காரர் அன்பரசு, "இத்தனை பேரு நிக்கையில நான் எதுக்குங்க?" என்று கோபித்துக்கொண்டார். பார்த்தால் அவர் பேரிலும் அதே வரி!

இதற்கு நடுவில்தான், "பூபதி, ஜேடர்பாளையம்" என்று என் அண்ணன் பேர் விழுந்தது. பாகம் பிரித்தபோது வண்டித்தடத்துக்காக முறைத்துக்கொண்டு போனவர் இன்றுவரை பேசவில்லை. வாசலோடு திருப்பிவிட்டால் மானம் போகுமே என்று நானும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போகவில்லை. அழைக்காமலே வருகிறேன் என்கிறாரே என்று உன் அத்தை ஓவென்று அழுதுவிட்டாள். நானும் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன், சாமி.

அப்புறம் நீ போனில் சொன்னாய்: "மாமா, வாழ்த்துப் பெட்டில எதை எழுதினாலும் பக்கம் அப்படியே வாங்கிக்குதுங்க. கல்யாண மாப்பிள்ளையோட கூட்டாளி ஒருத்தன் வாழ்த்துக்குப் பதிலா ஒரு கட்டளையை எழுதி வெளையாடிட்டான். தொறக்கறவங்க பிரௌசரெல்லாம் அது சொன்னபடி ஆடி, அவங்க பேர்லயே அந்த வரியை எழுதிப்போடுது. பெரிய மாமா எழுதலைங்க." எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

உன் அத்தைதான் கேட்டாள்: "பேரைப் போட்டுத் தொறந்தாத்தானே அது எழுதும்? அப்ப உங்கண்ணன் தொறந்து பாத்திருக்காருல்ல?" அடடா! பார்க்கத் தோன்றியிருக்கிறதே, அது போதும். இப்போதே வெற்றிலை பாக்கு, தேங்காயோடு புறப்படுகிறோம். நீ உடனே அந்த ஓட்டையை அடைத்து, தானாக விழுந்த வரிகளை ஒன்று விடாமல் அழித்துவிடு. பெட்டியில் எழுதுவது எழுத்தாகவே கிடக்கட்டும், யாருக்கும் உத்தரவு போட வேண்டாம்.

உன் அம்மாவுக்கு எங்கள் விசாரிப்பு. நீ நூறாண்டு நல்லா இரு.

அன்புள்ள மாமன்,
தங்கசாமி

பின்குறிப்பு: கூரியர்காரன் வருமுன் போய் வந்துவிட்டோம். ஒரு வரியையும் அழித்துவிடாதே! "புள்ள போட்டோவப் பாக்கத்தான் தொறந்தேன், அதுக்குள்ள உங்கண்ணி எழுதிப்போட்டா" என்கிறார் அண்ணன். "அவருதான் எழுதினாரு, வெக்கப்பட்டு எம்பேர்ல தள்றாரு" என்று அண்ணி உன் அத்தை காதில் சொல்கிறார். இரண்டு பேரும் மற்றவர் எழுதியதாகவே நம்பிக்கொண்டு, சமையலுக்கு வர அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.